ஒரே தெருவில் முதலில் கழிச்சல், பிறகு காய்ச்சல், இப்போது காமாலை: காரணம் உணவா, குழாயா?

பதிவு 1 | செண்பகம்

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு வடக்கே, நகரம் மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வாந்தியும் கழிச்சலும் கண்டன. எதிர்சேவை பார்க்கப் போன இடத்தில் பந்தல் மோரைக் குடித்ததுதான் காரணம் என்று தெருவே முடிவு கட்டியது. சில நாள்களில் எல்லாரும் தேறியும் விட்டார்கள். இரண்டு வாரம் சென்றதும் இருவருக்கு விடாத காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்து டைபாய்டு என்றார்கள். இப்போது, ஒரு மாதம் கடந்துவிட்ட நிலையில், மூன்று பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. அவர்களில் என் மகளும் ஒருத்தி, வயது 9.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. காமாலை கண்ட பையன்களில் ஒருவன் திருவிழாவுக்கே போகவில்லை. இவை மூன்றும் தனித்தனி நோய்களா, ஒன்று முற்றி மற்றொன்றாக மாறியதா, அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மூலம் உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | சிம்மக்கல் மெஸ்காரன்

வயிறு கெட்டால் பழி முதலில் எங்கள் தொழிலின் தலையில்தான் விழும் என்பதால் இதை எழுதுகிறேன். அந்தப் பந்தலில் அன்று மோர் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். நோய் உங்கள் ஒரு தெருவில் மட்டும், அதுவும் வரிசையாக வீடு வீடாக வந்தது என்றால், மோரைவிட அந்தத் தெருவுக்கு மட்டும் பொதுவாக உள்ள ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அதற்காக மோர்ப் பந்தல்களுக்கெல்லாம் நற்சான்று கொடுக்க நான் வரவில்லை. மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் பாரையே உடைத்து மோர் அண்டாவில் போடுவதை நானும் பார்த்திருக்கிறேன். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சாவதில்லை, காத்திருக்கிறது. என் கடைக்கு ஆண்டுதோறும் பணியாளர்களின் மருத்துவத் தகுதிச் சான்றும், குடற்காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்றும் கேட்கிறார்கள். அது விதி, சரிதான். வீதிக் குழாய்க்கு அப்படிச் சான்று கேட்பவர் யார்?

பதிவு 3 | மேல்நிலைத் தொட்டி

செண்பகம் அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. குடிநீர்ப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு குழாயில் ஒரே ஒரு முறை கழிவுநீர் கலந்தால் அதன் விளைவு ஒரே நாளில் தெரிந்து முடிந்துவிடாது. அந்த நீரில் இருந்த ஒவ்வொரு கிருமியும் தனக்குரிய காலம் எடுத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். கழிச்சல் சில நாள்களில் வரும், டைபாய்டு ஓரிரு வாரங்களில் வரும், காமாலை ஏறத்தாழ ஒரு மாதத்தில் வரும். மூன்று நோய் போல் தோன்றினாலும் நிகழ்வு ஒன்றாக இருக்கக்கூடும். நாள்களைக் குறித்துவைத்துப் பின்னோக்கி எண்ணினால், பெரும்பாலும் அந்தத் தெருவில் சாக்கடை தோண்டிய நாளிலோ, கேபிள் பதித்த நாளிலோ, நீண்ட இடைவெளிக்குப் பின் தண்ணீர் திறந்துவிட்ட நாளிலோ போய் நிற்போம்.

தொட்டியிலிருந்து புறப்படும் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கலாம். வைகையோ காவிரியோ, எந்தத் திட்டத்தின் நீராக இருந்தாலும், இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருந்தால் விரிசல் வழியே நீர் வெளியேறுமே தவிர அழுக்கு உள்ளே நுழையாது. நம் ஊர்களில் இரண்டு நாளைக்கோ மூன்று நாளைக்கோ ஒருமுறை ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறோம். மற்ற நேரமெல்லாம் குழாய் காலியாகக் கிடக்கிறது. வெளியே சுற்றி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. தண்ணீர் திறந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் இணைப்பிலேயே நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, துருப்பிடித்த இடங்களெல்லாம் உறிஞ்சும் வாயாக மாறிவிடுகின்றன. மோட்டார் வைத்தவர் தன் வீட்டுக்கு மட்டுமன்றி, மோட்டார் இல்லாத பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அழுக்கை இழுத்துவிடுகிறார்.

இதைவிடக் கேடானது குழிக்குழாய். சாலையை மேன்மேலும் உயர்த்திப் போட்டதில் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஏறாமல் போகிறது. உடனே வாசலில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இணைப்பை அங்கேயே வெட்டி, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் குழியை ஒருமுறை குனிந்து பாருங்கள்: அடியில் அரையடிக்குத் தேங்கிய தண்ணீர், அதில் பாத்திரம் தேய்த்த சாம்பலும் இலைதழையும், குழாயின் வாயில் ஒரு துணிச் சுருள் அடைப்பு அல்லது முறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டியூப், டியூபின் நுனி அந்தத் தேங்கிய நீருக்குள். தண்ணீர் நின்றதும் மேட்டிலிருக்கும் குழாய் காலியாகித் தாழ்வாக உள்ள பக்கம் இறங்கும்போது, குழியில் கிடப்பது திரும்பக் குழாய்க்குள் போகும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான்.

உங்கள் தெருவில் நோய் கண்ட வீடுகளை ஒரு தாளில் குறியுங்கள். அவை குழாய்த் தொடரின் கடைசிப் பகுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதிவு 4 | இளநீர்

நான் குழந்தை மருத்துவர்; திருமங்கலம் பக்கம் பணி. ஐயா சொன்ன கணக்கை மருத்துவத்தின் பக்கத்திலிருந்து நிரப்புகிறேன். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வெளிப்படும். ரோட்டா வைரஸ் ஏறத்தாழ இரண்டு நாளில். ரத்தமும் சளியுமாகப் போகும் ஷிகெல்லா சீதபேதி ஒன்று முதல் நான்கு நாளில். டைபாய்டு பெரும்பாலும் எட்டு முதல் பதினான்கு நாளில். ஹெபடைட்டிஸ் ஏ காமாலை சராசரியாக 28 நாளில், சிலருக்கு 50 நாள் வரையில். ஹெபடைட்டிஸ் ஈ இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரையில். அமீபா ஈரலில் சீழ்க்கட்டியாகத் தேங்குவது மாதங்கள் கழித்தும் நிகழும், அப்போது குடித்த தண்ணீர் யாருக்கும் நினைவிலேயே இருக்காது. ஆகவே உங்கள் தெருவின் வரிசை ஒரே கலப்புக்கு முற்றிலும் பொருந்துகிறது. கழிச்சல் முற்றிக் காமாலையாக மாறுவதில்லை.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, இந்த வயதில் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ ஆகவே இருக்கும், ரத்தத்தில் ஐ.ஜி.எம். பரிசோதனை அதை உறுதி செய்யும். இதற்கென்று தனி மருந்து கிடையாது, பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறுவார்கள். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், வெறும் கஞ்சியும் சர்க்கரையுமாகப் பட்டினி போடுவதுதான் நான் காணும் பெருந்தீங்கு. பசிக்கிறபோது வழக்கமான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சல் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதை உடைத்துக் கழிப்பது அதே ஈரல்தான். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்துப் பிதற்றினாலோ, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிந்தாலோ அந்த மணியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காமாலை தோன்றியதிலிருந்து ஒரு வாரம் வரை மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும் என்பதால் அதுவரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். தங்கை தம்பி இருந்தால், தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு.

டைபாய்டு என்று சொல்லப்பட்ட இருவருக்கும் என்ன பரிசோதனை செய்தார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

பதிவு 5 | செண்பகம்

மருத்துவர் அவர்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி. ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். நோய் கண்ட வீடுகள் எல்லாம் தெருவின் கீழ்க்கோடியில், சாக்கடை திரும்பும் இடத்துக்கு அப்பால்தான் இருக்கின்றன. அங்கே குழிக்குழாயும் உண்டு. இருவருக்கும் செய்தது விடால் பரிசோதனை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே எடுத்தார்கள்.

பதிவு 6 | நுண்ணோக்கி

நான் ஆய்வக நுட்புநர், எனவே இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விடால் பரிசோதனை 1896ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மலிவு, விரைவு, அதனால் விடுவாரில்லை. அது கிருமியைக் காட்டுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் முன்பு எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. நம்மைப் போல டைபாய்டு எப்போதும் உலவும் நிலப்பகுதியில் நலமாக இருப்பவரின் ரத்தத்திலும் அது ஓரளவு இருக்கும். உண்மையான டைபாய்டிலோ முதல் வாரத்தில் அது உயராமலே இருக்கலாம். மூன்றாம் நாளில் ஒரே ஒரு முறை எடுத்த விடாலை வைத்து ஆம் என்றும் சொல்வதற்கில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

நம்பத்தக்கது ரத்த வளர்ப்புச் சோதனை. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டும், முடிவுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும், அதிலும் எல்லா நோயாளிகளையும் பிடித்துவிட முடியாது. ஆனால் கிருமி வளர்ந்துவிட்டால் எந்த மருந்துக்கு அது பணியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். சிப்ரோபுளாக்சசினுக்குப் பணியாத டைபாய்டு இந்தியாவில் இப்போது சாதாரணம். பாகிஸ்தானின் சிந்துப் பகுதியில் 2016இல் தொடங்கிய கொள்ளைநோயில் செப்ட்ரியாக்சோனும் கைவிட்டது. வாயால் சாப்பிடும் மருந்துகளில் அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. அந்த நிலை இங்கும் வரக்கூடாது என்றால், காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் முதலில் போக வேண்டும்.

பதிவு 7 | உசிலை வாசகன்

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அப்பத்தா கண்மாய்த் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்தவர். தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டால் போதும் என்பார். ஆர்.ஓ.வும் இல்லை, குளோரினும் இல்லை, ஒன்றும் வரவில்லை. இப்போது நாம்தான் தண்ணீருக்குப் பயந்து பயந்து எதிர்ப்புச் சக்தியை இழந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பதிவு 8 | மேல்நிலைத் தொட்டி

தம்பி, ஒன்றும் வரவில்லை என்று சொல்வதற்குப் பிழைத்திருப்பவர்கள்தாம் இருப்பார்கள். 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதற்குக் கழிச்சல் ஒரு பெருங்காரணம். தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய 1876 முதல் 1878 வரையான ஆண்டுகளில், பசியோடு சேர்ந்து வாந்திபேதியும் சென்னை மாகாணத்து ஊர்களைக் காலி செய்தது. அப்பத்தாவுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், அது உண்மை. தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

பழகிவிட்டால் எதிர்ப்புச் சக்தி வரும் என்பதும் ஓர் எல்லை வரைதான். 1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் ஓ139 என்னும் புதுவகைக் காலரா அடையாளம் காணப்பட்டது. பழைய ஓ1 வகைக்குப் பழகியிருந்த பெரியவர்களின் உடலுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. சிறுபிள்ளைகளைவிடப் பெரியவர்களே மிகுதியாக விழுந்தார்கள், சில மாதங்களில் அது வங்காளம் வரை பரவியது.

பதிவு 9 | சுகாதாரச் செவிலி

கிராம சுகாதாரச் செவிலியராக மேலூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவருகிறேன். காமாலையும் டைபாய்டும் பேசியாகிவிட்டது. ஆனால் உயிரைச் சட்டென்று பறிப்பது அந்த முதல் வாரத்துக் கழிச்சல்தான், அதைத்தான் எல்லாரும் தானே போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள்.

வயிற்றால் போகிறது என்றவுடன் எங்கள் பகுதியில் முதலில் போவது தொக்கம் எடுப்பவரிடம். வயிற்றில் செரிக்காமல் ஒட்டிக்கொண்டதை ஊதி எடுத்ததாக ஒரு துணுக்கைக் கையில் காட்டுவார். தாயின் மனம் ஆறிவிடும். குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கினால் தோஷம் என்று மந்திரிப்பார்கள், கழுத்தைத் திருப்பாமல் அழுதால் உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். அவர்களைத் திட்டி எந்தப் பயனும் இல்லை என்பது என் அனுபவம். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: போகிற வழியிலும், வரிசையில் காத்திருக்கும் நேரத்திலும், திரும்பும் வழியிலும் கரண்டி கரண்டியாக ஓ.ஆர்.எஸ். ஊட்டிக்கொண்டே போங்கள். உச்சிக்குழி உள்வாங்குவது உடலில் நீர் வற்றிவிட்டதன் அடையாளம். தோஷம் என்றே பெயர் வைத்தாலும் அது அவசரம்தான்.

அடுத்து, பொட்டலத்தைக் கலக்கும் விதம். 20.5 கிராம் உள்ள பெரிய பொட்டலம் சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. நான் வீடுகளில் காண்பதோ, பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைப் போட்டு, மீதியை ரப்பர் பேண்டு மாட்டி அலமாரியில் வைப்பது. அப்படிச் செய்தால் சில நேரம் மிகையாக உறைக்கும், அது கழிச்சலைக் கூட்டும். சில நேரம் நீர்த்துப்போகும். மேலும், திறந்துவைத்த தூள் நம் ஊர்க் காற்றில் கட்டியாகிவிடும். ஒரு லிட்டர் குடிநீர்ப் பாட்டிலை நிரப்பி, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் குலுக்குங்கள். 24 மணி நேரத்தில் மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொட்டலம் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதே. தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. கழிச்சல் நின்ற மறுநாளே மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அட்டையை முழுதாக முடிப்பதில்தான் பலன், அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி கழிச்சல் வராமல் ஓரளவு காப்பது அதுவே.

பதிவு 10 | செண்பகம்

அக்கா, கீழ்க்கோடி வீட்டார் ஒருவர், பிள்ளைக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றாமல் பொட்டலம் கொடுத்து அனுப்பிய மருத்துவரை இன்றுவரை ஏசிக்கொண்டிருக்கிறார். ஏழைகளுக்குப் பொட்டலம், பணக்காரர்களுக்குப் பாட்டில் என்பது அவர் வாதம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதிவு 11 | இளநீர்

அவருக்கு 1971ஆம் ஆண்டின் கதையைச் சொல்லுங்கள். வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் வாந்திக்கும் கழிச்சலுக்கும் நடுவே கிடந்தார்கள். அங்கே பொறுப்பேற்றிருந்த மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முகாமில் முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவருடைய கண்காணிப்பில் இருந்தவர்களிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதும் தெரிந்தால் அவருக்கு நம்பிக்கை வரலாம். காலரா நச்சு குடலின் சுவரிலிருந்து நீரை வெளியே கொட்டவைக்கிறது. அந்த நச்சை 1959இல் கல்கத்தாவில் இனம் கண்டவர் சம்பு நாத் டே. ஆனால் குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழையும் தனி வாசல் ஒன்று குடலில் இருக்கிறது, நோயிலும் அது மூடுவதில்லை. அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. விகிதம் கெட்டால் இந்த ஏற்பாடும் கெட்டுவிடும். ஆகவேதான் சர்க்கரை மிகுந்த பழச்சாறுகளை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு கடையில் விற்றது பெருந்தவறு. உரிய கலவை இல்லாத பானங்கள் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டில் எப்போது தேவை? பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல், குடிக்க இயலாமல் போகும்போது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாக மறையும்போது. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதற்கு முந்தைய கட்டத்தில், பிள்ளை எரிச்சலும் தாகமுமாக இருக்கையில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி என்று நான்கு மணி நேரத்தில் வாய்வழியே கொடுத்தால் போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. கழிச்சலை உடனே கட்டும் லோபராமைடு போன்ற மாத்திரைகள் குழந்தைகளுக்கு ஆகாது. மலத்தில் ரத்தம் இல்லாத கழிச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லியும் பெரும்பாலும் வேண்டாம். ரத்தம் இருந்தால் வேண்டும்.

பதிவு 12 | மூலிகைத் தோட்டம்

நல்ல விவாதம். நான் சித்த மருத்துவம் பயின்றவன். காமாலை என்றால் எங்கள் பக்கம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பது வழக்கம்; மருத்துவர் அவர்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே?

பதிவு 13 | இளநீர்

வேண்டுமென்றே விட்டதில்லை. கீழாநெல்லியைச் சென்னையில் ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்து, அதன் முடிவு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆனால் அது ரத்தத்தால் பரவும் ஹெபடைட்டிஸ் பி வைரசைச் சுமப்பவர்களைப் பற்றியது, அந்த முடிவும் பிற்பாடு வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அதே அளவில் உறுதிப்படவில்லை. தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ தானாகவே தணியும் நோய் என்பதால், அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்கு நற்பெயர் கிடைத்துவிடும். மோரில் அரைத்த இலையால் பெரும் தீங்கு வரும் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் விடும் சொட்டு, கையில் சூடு, உலோகம் கலந்த பெயர் தெரியாத பொடி ஆகியவற்றை மட்டும் அண்டவிடாதீர்கள். பொடி சாப்பிட்டு ஈரல் செயலிழந்து வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பதிவு 14 | மூலிகைத் தோட்டம்

சூடு போடுவதை நாங்களும் ஏற்பதில்லை. மற்றதில் எனக்கு மாறுபாடு உண்டு; அது இந்த இழைக்கு உரியதன்று என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

பதிவு 15 | செண்பகம்

ஐயா, ஆர்.ஓ. கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த இயந்திரம் இருந்தும் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

பதிவு 16 | மேல்நிலைத் தொட்டி

அம்மா, ஆர்.ஓ. தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்கள். பல் விளக்குவதும், வாய் கொப்புளிப்பதும், கொத்தமல்லி அலசுவதும், சட்னி அரைத்த மிக்சி ஜாரைக் கழுவுவதும், தட்டை இறுதியாக அலசுவதும் எந்தத் தண்ணீரில்? பெரும்பாலும் தரைத்தொட்டித் தண்ணீரில்தான். இயந்திரம் வடித்துத் தரும் நீரிலும் குளோரின் மிச்சம் இராது. அதைக் குடத்தில் பிடித்து, விரல் படும்படி டம்ளரை முக்கி மொண்டால் காப்பதற்கு ஒன்றுமில்லை. குழாய் வைத்த பாத்திரமோ, நீண்ட கைப்பிடிக் கரண்டியோ, இயந்திரத்தைவிட அவசியம்.

இப்போது நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று. கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. தொட்டியை இயக்குபவரிடம் குளோரோஸ்கோப் இருக்கும். அதில் நீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். தொட்டியடியில் சோதித்து நோட்டில் எழுதுவது வழக்கம். தெருக்கோடியில், தண்ணீர் திறந்த ஐந்தாம் நிமிடத்தில், உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். மஞ்சளே வரவில்லை என்றால், வழியில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும் பாருங்கள். 33 விழுக்காடு வீரியம் உள்ள புதுத்தூளில் ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம் போட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரும், ஆனால் வாய் பிரிந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த தூளுக்கு நெடி மட்டும்தான் மிஞ்சும்.

குளோரினும் எல்லாம் வல்லதன்று. 1955 இறுதியில் டெல்லியில் யமுனை நீரெடுக்கும் இடத்தில் நகரக் கழிவு கலந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டும் சீதபேதியும் எழவில்லை, ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் 29,000க்கு மேற்பட்டோருக்குக் காமாலை வந்தது. பிற்காலத்தில்தான் அது ஹெபடைட்டிஸ் ஈ என்று தெரிந்தது. ஆகவே கலப்பை அடைப்பதே முதல் வேலை. அது முடியும் வரை, குடிக்கவும் பல் விளக்கவும் பச்சையாகத் தின்பதை அலசவும் கொதித்து ஆறிய நீர் மட்டும்.

பதிவு 17 | செண்பகம்

நேற்றுத் தண்ணீர் திறந்தபோது தொட்டி ஆபரேட்டரை அழைத்துவந்து மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் சோதிக்கச் செய்தோம். மேலே நல்ல மஞ்சள், கீழே நிறமே இல்லை. சாக்கடை திரும்பும் இடத்தில் தோண்டியதில், சாக்கடைக்குள்ளாகவே குறுக்கே போகும் பழைய இரும்பு இணைப்பு ஒன்று அகப்பட்டது. கை வைத்த இடத்தில் பொடிந்தது. அதைத் துண்டித்துவிட்டு உயரமாகப் பிளாஸ்டிக் குழாய் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழிகளை மூடுவதற்கு இரண்டு வீட்டார் சம்மதித்தார்கள். மோட்டார் விஷயத்தில் மட்டும் தெருவில் பெரும் சண்டை, இன்னும் ஓயவில்லை.

மகளுக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்று உறுதியாகிவிட்டது, பசி எடுக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்று: கீழ்க்கோடி வீட்டில் ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். இதுவரை அவருக்கு ஒன்றும் இல்லை. அஞ்ச வேண்டுமா?

பதிவு 18 | சுகாதாரச் செவிலி

அவரைப் பற்றித்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்று தெரிந்தது ஆறுதலே, ஆனால் அதே சாக்கடையில் ஹெபடைட்டிஸ் ஈ வைரசும் இருந்திருக்கக்கூடும். அதற்குப் பத்து வாரம் வரை காலம் உண்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போய்விடும் அந்தக் காமாலை, கடைசி மூன்று மாதத்தில் உள்ள கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இருபது இருபத்தைந்து பேர் வரை உயிரைக் குடிக்கக்கூடியது. இந்தியாவில் அதற்குத் தடுப்பூசியும் புழக்கத்தில் இல்லை. கொதித்த நீரைத் தவிர வேறெதையும் அவர் வாயில் வைக்க வேண்டாம். சிறுநீர் கடுகெண்ணெய் நிறமாகப் போனாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டினாலோ, கண் மஞ்சளாகும் வரை காத்திராமல் 108ஐ அழைத்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பத்தியத்துக்கோ மந்திரிப்பதற்கோ அரை நாளும் செலவிடக் கூடாது. பிரசவ நாள் எப்போது என்பதையும், அவருக்கு உரிய துணை சுகாதார நிலையம் எது என்பதையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்தப் பகுதிச் செவிலியரிடம் நானே பேசிவிடுகிறேன்.